மூலை பிளந்த மரப்பெட்டி: அறிகுறி பார்த்து மூட்டுகளையும் பசையையும் திருத்தும் வழி

மரப்பெட்டி பழுதாகிவிட்டது என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பசை போட்டீங்க?" நானும் ரொம்ப காலம் என்னையே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வு நேரத்தில் பெட்டி செய்யத் தொடங்கிய புதிதில், ஒவ்வொரு பெட்டி பிளந்தபோதும் பசையை மாற்றினேன். பெட்டிகள் மட்டும் அதே இடத்தில்தான் பிளந்தன. கடைசியில் பக்கத்துத் தெரு ஆசாரி ஒருவர் உடைந்த மூலையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பசை நல்லாத்தான் இருக்கு தம்பி. நீங்கதான் ஒட்டாத இடத்துல ஒட்டியிருக்கீங்க" என்றார்.

அந்தக் கண்ணோடு பார்க்கப் பழகிய பிறகு எழுதுவது இது. சுமார் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், முக்கால் அங்குல முழுமரப் பலகை, கீல் போட்ட மூடி: துணிமணி, பாத்திரம் வைக்கும் சாதாரணப் பெட்டியை மனதில் வைத்துச் சொல்கிறேன். மரம் பெரும்பாலும் தேக்கு. பிளைவுட் பெட்டிக்கு இதில் பாதி பொருந்தாது.

எதையும் தொடும் முன் உடைந்த முகத்தைப் படியுங்கள்

விட்டுப்போன மூட்டில் உடனே புதுப்பசையைத் திணிக்காதீர்கள். திணித்தால் உடைந்ததற்கான சாட்சியே அழிந்துவிடும். டார்ச் ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்து இரண்டு முகங்களையும் பாருங்கள்.

இரு பக்கமும் மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. மரம்தான் கிழிந்தது. வேறு பசைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மூட்டின் வகையை மாற்ற வேண்டும்.

ஒரு முகத்தில் பசை கண்ணாடி போலப் பளபளவென்று படிந்து, எதிர்முகம் வெறும் மரமாக இருந்தால் பசை ஒரு பக்கத்தைப் பிடிக்கவே இல்லை. சேர்ப்பதற்குள் ஆடை கட்டியிருக்கும், அல்லது அந்தப் பக்கத்தில் எண்ணெய், மெழுகு, பழைய பசை ஏதாவது இருந்திருக்கும்.

பசை துளித்துளியாக, தூரிகை இழுத்த தடம்கூட அழியாமல் இருந்தால் இரண்டு மரமும் ஒன்றையொன்று தொடவே இல்லை. வெட்டு சரியில்லை, இல்லையென்றால் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போதவில்லை.

நகத்தால் கீறினால் சுண்ணாம்பு போல வெள்ளையாக உதிர்கிறதா? வெள்ளைப் பசை குளிரில் காய்ந்தால் அப்படி ஆகும். சுமார் 10 டிகிரிக்குக் கீழே அது படலமாக இறுகாமல் தூளாகவே நின்றுவிடும். மதுரைக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. ஊட்டியில் டிசம்பர் ராத்திரி ஒட்டுபவருக்கு உண்டு. நம்ம ஊர் வெயிலில் இப்படி உதிர்ந்தால், சிக்கனத்துக்காகத் தண்ணீர் தாராளமாகக் கலந்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள்.

மூலை முழுதாக விட்டுப்போயிற்று

அடிக்கடி பார்ப்பது இதுதான். பக்கப் பலகையின் முனையை முன்பலகையின் உள்முகத்தில் அப்படியே முட்டவைத்து, பசை தடவி, நாலு ஆணி அடித்திருப்பார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓடும். பிறகு பெட்டியை இருவர் தூக்கும்போது மூலை வாய் திறக்கும்.

மரத்தை ஒரு கட்டு வைக்கோலாக நினைத்துக்கொள்ளுங்கள். தாள்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. பலகையின் முனையில் தெரிவது அந்தத் தாள்களின் அறுபட்ட வாய்கள். பசை அந்த வாய்களுக்குள் உறிஞ்சப்பட்டுப் போய்விடும். மூட்டில் நிற்க வேண்டியது நிற்காது. நாரின் பக்கமும் பக்கமும் சேர்ந்தால் சாதாரண வெள்ளைப் பசையே மரத்தைவிட உறுதியாக நிற்கும். அறுபட்ட முனையை மட்டும் ஒட்டினால் எந்தப் பசையானாலும் அதில் ஒரு பங்குதான் பலம். ஆகவே நல்ல மூட்டு என்றால், நாரின் பக்கங்கள் ஒன்றோடொன்று உரசும் பரப்பை மூலைக்குள் எப்படியாவது உண்டாக்குவது. மீதியெல்லாம் அழகு.

புறாவால் மூட்டு அதைத்தான் செய்கிறது. ஒரு பலகையின் முனையில் புறாவின் வால் போல விரிந்த பற்கள், எதிர்ப்பலகையில் அதற்கான வாய்கள். பற்களின் சாய்ந்த கன்னங்கள் நாரோடு நாராகச் சேர்கின்றன. அதற்கு மேல், விரிந்த வால் வந்த வழியே திரும்பிப் போகாது. பசை முழுதும் செத்தாலும் ஒரு திசையில் மூட்டு பிரியாது.

அந்த ஒரு திசை எது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். புறாவால் அழகாக வெட்டியும் மூலை திறக்கிறதென்றால், எந்தப் பலகையில் வாலை வெட்டினீர்கள் என்று பாருங்கள். பெட்டியின் இரு ஓரத்திலும் கைப்பிடி வைத்திருந்தால், தூக்கும் இருவரும் தங்களை அறியாமல் ஆளுக்கொரு பக்கம் வெளியே இழுப்பார்கள். பக்கப்பலகைகள் முன்பலகையின் நீளவாக்கில் பிரியப் பார்க்கும். அதைத் தடுக்க வால்கள் நீளமான முன், பின் பலகைகளில் இருக்க வேண்டும். அவற்றைப் பிடிக்கும் வாய்கள் பக்கப்பலகையில். இதை மாற்றிச் செய்த என் பெட்டி ஒன்று, மாடிப்படியில் ஏற்றும்போது சத்தமே இல்லாமல் கழன்றது. உள்ளே இருந்தது புத்தகம்.

வாலின் சாய்வையும் பாருங்கள். தேக்கு போன்ற கடின மரத்துக்கு 8-க்கு 1 (8 பங்கு நீளத்துக்கு 1 பங்கு சாய்வு), பைன் போன்ற மெதுமரத்துக்கு 6-க்கு 1 என்பது பழகிய கணக்கு. அதைவிட அதிகமாகச் சாய்த்தால் பல்லின் நுனிமூலையில் நார் குட்டையாகி, தட்டிச் சேர்க்கும்போதே பொட்டென்று உதிரும். ரொம்பக் குறைத்தால் பூட்டும் தன்மையே போய்விடும்.

புறாவாலுக்குக் கை இன்னும் வரவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரு கை விரல்களைக் கோத்தது போல நேரான பற்களை வெட்டிச் சேர்க்கலாம். நாரின் பக்கம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் பூட்டு கிடையாது, முழுக்கப் பசையின் பொறுப்பு. இன்னும் எளிது, முன்பலகையின் ஓரத்தில் படி போல வெட்டி, அதில் பக்கப்பலகையை உட்காரவைத்து, மர ஆணி அடிப்பது.

ஏற்கெனவே முட்டவைத்து ஒட்டிய பெட்டியைப் பிரிக்க மனமில்லையா? காப்பாற்றலாம். பழைய பசையைச் சுரண்டி, மூலையை இறுக்கிக் கட்டி, முன்பலகையின் வெளியிலிருந்து பக்கப்பலகையின் முனைக்குள் 8 மி.மீ. துளைகள் போடுங்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒன்று. அடுத்தடுத்த துளைகள் எதிரெதிர்ச் சாய்வில் இருக்கட்டும். நன்றாகக் காய்ந்த மூங்கிலைச் சீவி, பசை தடவி அடித்து, தலையை உளியால் மட்டமாக வெட்டிவிடுங்கள். ஆணிகள் எதிரெதிராகச் சாய்ந்திருப்பதால் பலகை நேராக உருவி வர முடியாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மூலைக்கு உள்ளே மேலிருந்து கீழ்வரை ஒரே சட்டத்தை ஒட்டி "பலம்" கொடுப்பது. சட்டத்தின் நார் செங்குத்து, பலகையின் நார் கிடைமட்டம். பலகை உயரவாக்கில் விரிந்து சுருங்கும், சட்டம் அசையாது. ஒரு கோடையில் சட்டம் பிய்ந்துவிடும், அல்லது பலகை பிளக்கும். உள்ளே வைத்தே தீர வேண்டுமென்றால் இரண்டு அங்குலத் துண்டுகளாக, நடுவில் இடைவெளி விட்டு வையுங்கள்.

பசை ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கிறது

தேக்கில் இது வழக்கம். தேக்கின் வைரத்தில், அதாவது முற்றிய நடுமரத்தில், இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கறையான் அதை விட்டுவைப்பதற்கும் அதில் பங்குண்டு. இழைத்து நாலு நாள் போட்டுவைத்தால் அது மேல்முகத்துக்குக் கசிந்து வரும். ஆகவே ஒட்டப்போகும் முகத்தை அன்றே, முடிந்தால் அந்த ஒரு மணி நேரத்திலேயே, கூரான இழைப்புளியால் ஒரு சீவல் எடுத்துவிட்டு ஒட்டுங்கள். சீவ முடியாத புறாவால் கன்னங்களை அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, ஆவி போனதும் உடனே ஒட்டுங்கள். துணி மஞ்சளாவதைப் பார்த்தாலே விஷயம் புரியும். (அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் பீடி, அடுப்பு வேண்டாம்.)

தேக்கு அல்லாத மரத்திலும் இப்படி ஆனால் நேரம்தான் காரணம். சித்திரை வெயிலில், தலைக்கு மேல் ஃபேன் ஓட, நாலு மூலையில் நாற்பது பற்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தால், கடைசிப் பல்லுக்கு வரும்போது முதல் பல்லில் ஆடை கட்டியிருக்கும். ஃபேனை நிறுத்துங்கள். விடியற்காலையில் ஒட்டுங்கள். ஒரே ஆளாக இருந்தால் முதல் நாள் எதிரெதிர் மூலைகள் இரண்டை மட்டும் ஒட்டி, மற்ற இரண்டைப் பசையில்லாமல் சும்மா கோத்து நிறுத்துங்கள், மறுநாள் மீதி. எல்லாவற்றுக்கும் முன்னால் பசையில்லாமல் ஒருமுறை முழுப்பெட்டியையும் கோத்து, கிளாம்ப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கொட்டாப்புளி எங்கே, துணி எங்கே என்று பசைக்கையோடு தேடுவது கொடுமை.

அறுபட்ட முனையை ஒட்ட வேண்டிய இடங்களில் முதலில் ஒரு மெல்லிய பூச்சு தடவி, சில நிமிடம் உறிஞ்சவிட்டு, மேலே இரண்டாம் பூச்சு போட்டுச் சேர்த்தால் மூட்டு வறண்டுபோகாது.

மூடி நடுவில் நீளமாக வெடித்துவிட்டது

மூடியின் அடியில் பாருங்கள். குறுக்கே இரண்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) இருக்கும். அவை முழுநீளமும் பசையால் ஒட்டப்பட்டு, மேலே ஸ்க்ரூவும் முறுக்கப்பட்டிருக்கும். மூடி வளையக் கூடாது என்று செய்த காவல்தான் அதை வெடிக்கவைத்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில் மாறும். ஈரம் ஒரு சதவீதம் ஏறி இறங்கினால், வளையங்களுக்குத் தொடுகோடாக அறுத்த தேக்குப் பலகை தன் அகலத்தில் ஆயிரத்தில் ஏறக்குறைய 1.9 பங்கு மாறும். மையத்திலிருந்து ஆரம்போல அறுத்ததென்றால் அதில் பாதி, சுமார் 1 பங்கு. சூடான நம்ம ஊரில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் 11 சதவீதம் அளவுக்கு ஈரம் நிற்கும். 80 சதவீதமாக ஏறினால் 15-ஐத் தாண்டும். 450 மி.மீ. அகல மூடிக்கு இந்த 4 சதவீத வித்தியாசமே 3 மி.மீ.-க்கு மேல் அசைவு. தேக்கு அசைவு குறைந்த மரம் என்று பேர் வாங்கியது, அதற்கே இவ்வளவு.

திருத்துவது எளிது. ரீப்பரைக் கழற்றுங்கள். வெடிப்பில் பட்டி திணிக்காமல், அந்த வெடிப்பை ஒட்டியே நீளவாக்கில் அறுத்து, இரு விளிம்பையும் நேராக இழைத்து, மறுபடி ஒட்டுங்கள். இது நாரோடு நார் சேரும் மூட்டு. சாதாரணப் பசையே போதும், ஆணி எதுவும் வேண்டாம். பிறகு ரீப்பரைப் பசையில்லாமல் வையுங்கள். நடு ஸ்க்ரூ மட்டும் இறுக்கமான துளையில். ஓரத்து ஸ்க்ரூக்களுக்கு ரீப்பரின் நீளவாக்கில் நீண்ட துளை வெட்டி, வாஷர் போட்டு, மூடி நகரும் அளவுக்கு முறுக்குங்கள். அறுத்த வகையில் மூடியின் அகலம் கொஞ்சம் குறையும். அதைப் பொறுக்க முடியாதவர்கள் பின்பக்கம் ஒரு குறுகிய பலகை கூட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் அடிப்பலகை முன்பலகையை வெளியே தள்ளுகிறது

மதுரையில் மே மாதம் செய்த ஒரு பெட்டியை நவம்பரில் சென்னைக்கு எடுத்துப் போனேன். அடிப்பலகையை நாலு பக்கமும் காடிக்குள் (சுவர்ப்பலகையில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள்) இடைவெளியே விடாமல், பசையும் போட்டு இறுக்கியிருந்தேன். எவ்வளவு கச்சிதம் என்று எனக்கே பெருமை. ஒரே மாத மழையில் முன்பலகையின் கீழ்விளிம்பு வில் போல வெளியே வந்தது, ஒரு மூலையில் பல் உடைந்தது. விரியும் மரத்தைத் தடுக்கிற பசையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடிப்பலகை காடிக்குள் மிதக்க வேண்டும். காடி 7, 8 மி.மீ. ஆழம் போதும். வறண்ட காலத்தில் செய்தால் நாரின் குறுக்குவாக்கில் பக்கத்துக்கு 2 மி.மீ. போல இடம் விடுங்கள். ஐப்பசி மழையில் செய்தால் பலகை ஏற்கெனவே விரிந்திருக்கும், ஒரு தாள் தடிமன் விட்டால் போதும். பசை வேண்டாம், ஆடினால் மட்டும் நடுவில் ஒரு பொட்டு. பல பலகைகள் சேர்த்த அடியென்றால், ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி விளிம்பை வெட்டி, இடையில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் சந்து விடுங்கள். நெல் போட்டுவைக்கும் பழைய பத்தாயங்களைக் கவனித்துப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பலகைகள் கால்களின் காடியில் சும்மா இறங்கி நின்றன, பசையே கிடையாது.

சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்: அடிக்கு 9 அல்லது 12 மி.மீ. நீர் தாங்கும் பிளைவுட் போட்டுவிடுங்கள். அது அசையாது, நாலு பக்கமும் ஒட்டலாம், பெட்டி கோணாமலும் பிடித்துக்கொள்ளும். தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பலகைக்குத் தேக்கு எதற்கு?

கனம் ஏற்றினால் அடி கீழே தொங்குகிறதென்றால் கதை வேறு. கீழிருந்து மேல்நோக்கி ஆணி அடித்திருப்பார்கள். சுமை ஆணியை உருவும் திசையிலேயே இழுக்கிறது. காடி வெட்ட இப்போது இடமில்லை என்றால், உள்சுவரின் கீழ்விளிம்பை ஒட்டி நாலு பக்கமும் ரீப்பர் வைத்து, அதன் மேல் அடியை உட்காரவையுங்கள். முன், பின் பலகைகளில் ரீப்பரின் நார் பலகையின் நாரோடே ஓடுவதால் தைரியமாக ஒட்டலாம்.

மூடி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு ஆடுகிறது

கீலைக் குறை சொல்லும் முன் இரண்டு அளவு எடுங்கள். பெட்டியின் வாயில் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் 2 மி.மீ.-க்குள் ஒத்துப்போனால் சதுரம் சரி. அடுத்து இரண்டு நேரான சட்டங்களை வாயின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு முனையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். மேல்விளிம்புகள் ஒரே கோட்டில் தெரியாவிட்டால் பெட்டி முறுகியிருக்கிறது. மேடுபள்ளமான தரையில் வைத்து ஒட்டியதன் பலன். முறுக்கல் 3 மி.மீ.-க்குள் என்றால் உயர்ந்த மூலைகளை இழைத்துவிடலாம். அதற்கு மேல் போனால் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

பசை ஈரமாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் அதிர்ஷ்டம். எந்தக் குறுக்களவு அதிகமோ அந்தக் குறுக்கில் ஒரு கிளாம்ப் போட்டு மெல்ல இறுக்கினால் சதுரத்துக்கு வந்துவிடும்.

ஒட்டிய கோடு கைக்குத் தட்டுப்படுகிறது

பாலிஷ் போட்டபோது கண்ணாடி மாதிரி இருந்த மூடியில், சில மாதம் கழித்துச் சேர்த்த கோட்டில் மெல்லிய பள்ளம் தெரிந்தால் அவசரம்தான் காரணம். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. ஒட்டிய விளிம்பு அதைக் குடித்து உப்பும். உப்பியிருக்கும்போதே இழைத்து மட்டமாக்கினால், பிறகு காய்ந்து அந்த இடம் அமுங்கும். கிளாம்பை ஒரு மணி நேரத்தில் எடுக்கலாம், தவறில்லை. இழைப்பதற்கு மட்டும் நாலைந்து நாள் பொறுங்கள்.

பள்ளத்துக்குப் பதிலாக வரம்பு போல மேடு தெரிந்தால் பசை இழுபட்டிருக்கிறது. வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ரப்பர் குணம் கொஞ்சம் மிச்சமிருக்கும். விடாமல் இழுக்கும் சுமையில் மெதுவாக ஊரும், வெயில் பட்டால் இன்னும் இளகும். நேராக இழைக்காத விளிம்புகளைக் கிளாம்பின் பலத்தால் மூடியிருந்தால் அந்த மூட்டு ஆயுள் முழுக்க இழுபட்டுக்கொண்டே இருக்கும். பசையில்லாமல் கையால் அழுத்தினாலே வெளிச்சம் தெரியாமல் விளிம்புகள் சேர வேண்டும்.

இடைவெளியில் அடைத்த மரத்தூள் உதிர்கிறது

ஃபெவிகாலில் மரத்தூள் குழைத்துச் சந்தில் பூசுவது நம் நாட்டின் தேசியப் பழக்கம். பார்வைக்குச் சரி, பலத்துக்கு ஒன்றுமில்லை. வெள்ளைப் பசை காயும்போது தண்ணீர் போய்ச் சுருங்கும். தடித்த அடுக்கில் உள்ளே வெடித்துப்போகும். அது காகிதத் தடிமனுக்கும் குறைவான இடுக்குக்கானது. நுரைத்துப் பொங்கும் பாலியூரித்தேன் பசையும் சந்தை நிரப்புவது போலத் தெரியும், ஆனால் அந்த நுரைக்குப் பலம் கிடையாது.

புறாவாலின் பக்கத்தில் சந்து இருந்தால், அதே மரத்தில் மெல்லிய ஆப்பு சீவி, நாரோட்டம் ஒத்துப்போகும்படி பசையோடு தட்டி இறக்குங்கள். இது மரத்தால் மரத்தை அடைப்பது, நிற்கும். ஆப்பு நுழையாத, தாறுமாறான சந்துகளுக்கு அரால்டைட் போன்ற எபாக்சி. அது சுருங்காது, இடைவெளியைத் தாங்கும். மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். 5 நிமிட வகை அவசரத்துக்கு ஆகுமே தவிர ஈரமும் சூடும் குறைவாகவே தாங்கும். கையுறை போடுங்கள், சிலருக்குத் தோல் தடிக்கும்.

எந்தப் பசை என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு, மூட்டு சரியாக வெட்டப்பட்டிருந்தால், சாதாரண ஃபெவிகால் எஸ்.ஹெச். வகை வெள்ளைப் பசை போதும். ஈரத்தரை, திறந்த தாழ்வாரம் என்றால் அதிலேயே மரைன் வகை, அல்லது டைட்பாண்ட் 3. சீவியும் துடைத்தும் பிடிக்காத எண்ணெய் மரம், சந்துள்ள மூட்டு என்றால் எபாக்சி. மைக்கா ஒட்டும் ரப்பர் பசையைப் பெட்டியின் மூட்டில் பயன்படுத்தவே கூடாது. அது தொட்டதும் பிடிக்கும், ஆனால் சுமையில் வழுக்கும்.

கறுப்புக் கறையும் வெள்ளைத் திட்டும்

ஆணியைச் சுற்றி, கிளாம்ப் பட்ட இடத்தில் நீலக் கறுப்பாகக் கறை வந்தால் இரும்பும் மரத்தின் துவர்ப்பும் பசையின் ஈரத்தில் சேர்ந்த வேலை. மேலாக இருந்தால் ஒரு சீவலில் போய்விடும். அடுத்த முறை கிளாம்புக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வையுங்கள், இரும்பு ஆணிக்குப் பதில் பித்தளை.

பாலிஷ் பிடிக்காமல் மூலைகளில் வெளிறிய திட்டு தெரிந்தால் வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்துப் பரப்பியிருக்கிறீர்கள். பசை தயிர் பதத்துக்கு வந்ததும் உளியால் வழித்தெடுப்பதே நல்லது. பாலிஷுக்கு முன் ஸ்பிரிட் தடவிப் பார்த்தால் ஒளிந்திருக்கும் திட்டெல்லாம் காட்டிக்கொடுக்கும்.

பெட்டிக்கடியில் மாவு போலப் பொடி விழுந்தால் அது மூட்டு விவகாரமே அல்ல. பலகையில் விட்டுவைத்த வெள்ளைப் பகுதியை (வைரம் பாயாத வெளிமரத்தை) வண்டு துளைக்கிறது. பசை டப்பாவை மூடிவிட்டுப் பூச்சிமருந்தை எடுங்கள்.

பாட்டி காலத்துப் பெட்டியின் மூட்டு ஆடுகிறது

இதில் மட்டும் ரொம்பப் பொறுமை வேண்டும். ஃபெவிகால் சந்தைக்கு வந்தது 1959-இல். அதற்கு முன் செய்த பெட்டிகளில் பசை இருந்தால் அது பெரும்பாலும் வச்சிரம், மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சிய பசை. மூட்டில் தெரியும் பசை மணி ஒன்றின் மேல் சுடுதண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகி, லேசாகத் தோல் வாடை அடித்தால் வச்சிரம். வெளுத்து ரப்பர் போலானால் பின்னாளில் யாரோ வெள்ளைப் பசை போட்டிருக்கிறார்கள். அசையவே இல்லையென்றால் எபாக்சியாக இருக்கலாம்.

வச்சிரத்தின் பெரிய குணம், பழைய வச்சிரத்தின் மேல் புது வச்சிரம் ஒட்டும். அதன் மேல் வெள்ளைப் பசையை ஊற்றினால் ஒட்டாது என்பதோடு, அடுத்த தலைமுறை திருத்தவும் வழியில்லாமல் போகும். புது வச்சிர மணிகளை முதல்நாள் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, 60 டிகிரி சுமாருக்குச் சூடாக்குங்கள். கொதிக்கவிட்டால் பலம் போய்விடும். மரத்தையும் ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கி, மூட்டில் விட்டு, ஆறுவதற்குள் இறுக்கிவிட வேண்டும்.

வெள்ளைப் பசை போட்ட மூட்டைப் பிரிக்க வேண்டுமானால் சூடான வினிகரைத் துணியில் நனைத்துச் சுற்றிவைத்து, சூடும் காட்டினால் மெல்ல இளகும். பிரிந்ததும் பழைய படலம் முழுதையும், உளி மரத்தைத் தொடும்வரை, சுரண்டி எடுங்கள். காய்ந்த வெள்ளைப் பசையின் மேல் புது வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது. ஒருமுறை ஒட்டிய மூட்டு மறுமுறை ஒட்டி நிற்காததற்குப் பத்தில் ஒன்பது நேரம் இதுதான் காரணம். சுரண்டியதில் மரம் மெலிந்து பல் தளர்ந்துவிட்டதென்றால், மேலே சொன்ன ஆப்பைச் சீவத் தொடங்குங்கள்.